வாசகர் கேள்விகள்: ஹொராத்தியரின் சபதம்

சென்ற இதழின் நடுப்பக்கத்தில், பிரெஞ்சு ஓவியர் ழாக் லூயி டேவிட் 1784-ஆம் ஆண்டு ரோம் நகரில் தீட்டிய 'ஹொராத்தியரின் சபதம்' என்னும் ஓவியத்தை வண்ணத்தில் வெளியிட்டிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு வாசகர்கள் எழுதிய கடிதங்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு போவதால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அந்த ஓர் ஓவியத்துக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

மூன்று இளைஞர்கள் கை நீட்டி நிற்கிறார்கள். ஒரு முதியவர் வாள்களை உயர்த்திப் பிடித்திருக்கிறார். ஓரத்தில் பெண்கள் துவண்டு கிடக்கிறார்கள். இவர்கள் யார்? எதற்காக இந்தச் சபதம்?
*வாசகர், திருநெல்வேலி*

ரோம் இன்னும் மன்னராட்சியில் இருந்த காலத்தைப் பற்றிய பழங்கதை இது. மூன்றாம் மன்னரான துல்லஸ் ஹொஸ்திலியஸ் ஆண்டபோது, அதாவது மரபுக் கணக்குப்படி கி.மு. ஏழாம் நூற்றாண்டில், ரோமுக்கும் அண்டை நகரான ஆல்பா லோங்காவுக்கும் போர் மூண்டது. இரண்டும் உறவு முறை கொண்ட நகரங்கள். முழுப் படைகளும் மோதிக்கொண்டால் இரு தரப்பும் நலிந்துபோய், வடக்கே வலிமையோடு காத்திருக்கும் எத்ருஸ்கர்களுக்கே அது வாய்ப்பாகிவிடும் என்று ஆல்பாவின் தலைவர் எடுத்துச் சொன்னதன் பேரில், இரு பக்கமும் மும்மூன்று வீரர்களை மட்டும் களத்தில் இறக்கி முடிவு காண்பதென்று ஒப்பந்தமாயிற்று. ரோமின் சார்பில் ஒரே பிரசவத்தில் பிறந்த ஹொராத்தியஸ் குடும்பத்து மூவரும், ஆல்பாவின் சார்பில் அதேபோல் பிறந்த குரியாத்தியஸ் குடும்பத்து மூவரும் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

சண்டையில் முதலில் ரோமானியர் இருவர் மாண்டனர். எதிரிகள் மூவருக்கும் காயம். எஞ்சிய ஒரு ஹொராத்தியஸ் காயமே படாதவன். அவன் புறமுதுகு காட்டுவதுபோல ஓடினான். காயத்தின் அளவுக்கேற்ப முன்னும் பின்னுமாகத் துரத்தி வந்த மூவரையும், திரும்பி நின்று ஒருவர் பின் ஒருவராக வெட்டிச் சாய்த்தான். ரோம் வென்றது. ஆனால் கதை அங்கே முடியவில்லை என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓவியத்தின் வலப்பக்கம் விளங்குவதற்கு அந்தப் பின்கதைதான் தேவை.

கொன்ற எதிரிகளின் ஆயுதங்களையும் ஆடைகளையும் சுமந்துகொண்டு வெற்றி வீரன் ஊர் திரும்புகிறான். குரியாத்தியரில் ஒருவனுக்கு நிச்சயிக்கப்பட்டிருந்த அவனுடைய தங்கை, நகர வாயிலில் அவனை எதிர்கொள்கிறாள். மணக்கவிருந்தவனுக்காகத் தன் கையாலேயே நெய்த போர்வை அண்ணன் தோளில் கிடப்பதைக் காண்கிறாள். கூந்தலை அவிழ்த்துப்போட்டு, இறந்தவனின் பெயரைச் சொல்லி அழுகிறாள். ரோமின் எதிரிக்காக அழும் எந்த ரோமானியப் பெண்ணுக்கும் இதுவே கதி என்று சொல்லி, அண்ணன் அந்த இடத்திலேயே அவளை வாளால் குத்திக் கொல்கிறான். அவன்மேல் வழக்கு நடக்கிறது. மரண தண்டனை விதிக்கப்படுகிறது. அவன் மக்களிடம் முறையீடு செய்கிறான். தந்தையே முன்வந்து, எஞ்சியிருக்கும் ஒரே பிள்ளையையும் பறித்துத் தன்னை மகவற்றவனாக்கிவிடாதீர்கள் என்று மன்றாடி அவனை மீட்கிறார். அந்தத் தந்தைதான் ஓவியத்தின் நடுவில் செந்நிற மேலாடையோடு நிற்பவர்.

இந்தச் சபதக் காட்சியை ரோமானிய வரலாற்று நூல்களில் தேடினேன்; கிடைக்கவில்லை. ஓவியர் எங்கிருந்து எடுத்தார்?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்*

எங்கிருந்தும் எடுக்கவில்லை. நீங்கள் தேடியது வீண் போகவில்லை. இல்லாததைத்தான் இல்லை என்று கண்டிருக்கிறீர்கள். இக்கதையை முழுமையாகச் சொல்லும் பழைய ஆசிரியர்கள் இருவர்: லத்தீனில் எழுதிய லிவி, கிரேக்கத்தில் எழுதிய ஹாலிகார்னாஸஸ் நகரத்து டயோனிசியஸ். தந்தை வாள்களை ஏந்த மைந்தர் மூவரும் சூளுரைக்கும் காட்சி இருவரிடமும் இல்லை. 1640-இல் இதே கதையை நாடகமாக்கிய பிரெஞ்சு நாடகாசிரியர் பியேர் கொர்னேயும் அப்படி ஒரு காட்சியை எழுதவில்லை. லிவியோ இன்னும் ஒரு படி மேலே போய், இரு குடும்பங்களில் எது ரோமானியக் குடும்பம் என்பதிலேயே நூலாசிரியர்கள் ஒத்துப்போகவில்லை என்றும், பெரும்பாலோர் சொல்வதால் ஹொராத்தியரை ரோமானியராக ஏற்பதாகவும் வெளிப்படையாக எழுதுகிறார். கதையே அப்படி ஆடிக்கொண்டிருக்கும்போது ஓவியர் தமக்கென ஒரு கணத்தைப் படைத்துக்கொண்டதில் குற்றம் காண இடமில்லை.

கவனிக்க வேண்டியது வேறு. பிரெஞ்சு அரசின் கட்டடத் துறைத் தலைவரான தான்ஷிவியே பிரபு, மக்களுக்கு நல்லொழுக்கம் புகட்டும் வரலாற்று ஓவியங்களை மன்னரின் பெயரால் வரையச் செய்யும் திட்டம் ஒன்றை நடத்திவந்தார். அதன்படி டேவிட் வரையவிருந்த பொருள் சபதம் இல்லை. தங்கையைக் கொன்ற மகனைத் தந்தை மக்கள் முன் காத்து நிற்கும் அந்த வழக்குக் காட்சிதான். 1781 வாக்கில் அதற்காக அவர் வரைந்த கோட்டோவியம் ஒன்றும் உண்டு: படிக்கட்டின்மேல் மகனை அணைத்தபடி தந்தை, கீழே பெண்ணின் சடலம், சுற்றிலும் கூட்டம். பிறகு அதைக் கைவிட்டு, கதையின் தொடக்கத்துக்கும் முன்னால் போய், யாருடைய இரத்தமும் இன்னும் சிந்தாத ஒரு கணத்தை அவர் தேர்ந்தெடுத்தார்.

என் வாசிப்பு முழுவதும் இந்த மாற்றத்தின்மேல்தான் நிற்கிறது. இந்தக் கதையில் யார் யாரைக் கொல்லப் போகிறார் என்பது டேவிடுக்கு அத்துப்படி. கொலையுண்ட பெண்ணின் உடலை அவர் ஏற்கெனவே ஒருமுறை வரைந்து பார்த்தவர். ஆகவே, வெறும் வீரப் பிரகடனம் ஒன்றை வரைந்தார் என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. பின்னால் நடக்கப்போவதை அறிந்த கை வரைந்த தொடக்கம் இது.

பெண்களை ஒரு மூலையில் ஒதுக்கி, அழுவதைத் தவிர வேறெதுவும் செய்யாதவர்களாக வரைந்திருப்பது இழிவுபடுத்துவதாக இல்லையா?
*கல்லூரி மாணவி, கோயம்புத்தூர்*

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரான்சில் ஆணுக்கு அறிவும் செயலும், பெண்ணுக்கு உணர்ச்சியும் வீடும் என்று பங்கிட்டுப் பேசுவது வழக்கமாக இருந்தது. அந்தப் பங்கீட்டை இந்த ஓவியம் கட்டடம்போல் உறுதியாக எழுப்பிக் காட்டுகிறது என்பதும் உண்மை. பின்புறம் மூன்று வளைவுகள். முதல் வளைவின் கீழ் மைந்தர் மூவர், நடு வளைவின் கீழ் தந்தை, மூன்றாவதன் கீழ் பெண்கள். ஆண்களின் உடலில் எல்லாம் நேர்கோடு: விறைத்த கால்கள், நீட்டிய கைகள், ஈட்டி, வாள். பெண்களிடம் எல்லாம் வளைகோடு: சாய்ந்த தலைகள், தொங்கும் கரங்கள், மடிந்து விழும் துணி. ஆனால் இத்தோடு நிறுத்திவிட்டால் ஓவியத்தில் பாதியைப் பார்க்காமல் விட்டதாகும்.

வலக்கோடியில் வெள்ளுடை உடுத்தியிருப்பவள் கமில்லா, ஹொராத்தியரின் தங்கை. அவளோடு சாய்ந்திருப்பவள் சபீனா. அவள் ஹொராத்தியர் வீட்டு மருமகள், பிறந்தது குரியாத்தியர் வீட்டில். தங்கையை லிவி கமில்லா என்று அழைக்கவில்லை, சபீனாவைப் பற்றி அவரிடம் பேச்சே இல்லை. இருவரையும் நாம் இந்த வடிவில் அறிவது கொர்னேயின் நாடகத்தால்தான். இந்த உறவுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்தப் பக்கம் வென்றாலும் சபீனா இழக்கப்போவது கணவனை அல்லது உடன்பிறந்தவர்களை. கமில்லா இழக்கப்போவது உடன்பிறந்தவர்களை அல்லது மணக்கவிருப்பவனை. ஆண்களுக்கு வெற்றி, தோல்வி என்று இரண்டு முடிவுகள் உண்டு. இந்தப் பெண்களுக்கு எப்படிப் பார்த்தாலும் ஒரே முடிவுதான். அந்த அறையில் நடக்கப்போவதை முழுமையாகக் கணக்கிட்டு வைத்திருப்பவர்கள் அவர்களே என்று நான் சொல்வேன். அவர்கள் அழுவது பலவீனத்தால் என்று கொள்வதற்கு ஓவியத்தில் ஆதாரம் இல்லை.

இன்னொன்றையும் நெருங்கிப் பார்க்க வேண்டும். தந்தையின் முதுகுக்கும் பெண்களுக்கும் நடுவே வெறுந்தரை ஒன்று கிடக்கிறது. சபதம் எடுப்பவர்களில் ஒருவர்கூடப் பெண்கள் பக்கம் திரும்பவில்லை. பெண்களில் ஒருத்தியும் சபதத்தைப் பார்க்கவில்லை. இந்த இரு கூட்டத்தையும் இணைக்கும் பார்வை ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது பெண்களுக்குப் பின்னால், இருட்டோடு இருட்டாகக் கருநிற ஆடை அணிந்த மூதாட்டியின் அணைப்பில் இருக்கிறது. அவள் இரண்டு குழந்தைகளைத் தன்னோடு சேர்த்துப் பிடித்திருக்கிறாள். சின்னது முகத்தைப் புதைத்துக்கொண்டுவிட்டது. பெரியவன், தன் கண்ணை மறைக்க வரும் அவளது கைக்கு அடங்காமல், வாள்களையே உற்றுப் பார்க்கிறான். அச்சுப் படத்தில் இது எளிதில் தப்பிவிடும். வலப்பக்கத்து நிழலை விரலால் தொட்டுத் தேடினால் கிடைக்கும். அடுத்த தலைமுறையும் இந்தச் சபதத்துக்குள் வந்துவிட்டது என்று சிலர் இதைப் பெருமையாகப் படிக்கிறார்கள். எனக்கு அந்தப் பையனின் முகத்தில் பெருமையைவிட, பார்க்கக் கூடாததைப் பார்க்கும் ஆவல்தான் தெரிகிறது.

ஆயினும் டேவிட் போருக்கு எதிராக வரைந்தார் என்று சொல்லும் அளவுக்கு நான் போகமாட்டேன். ஒளி இடப்பக்கத்திலிருந்து வந்து முதலில் விழுவது வீரர்களின்மேல்தான். தரையின் கோடுகளும் சுவர்களின் கோடுகளும் போய்ச் சேரும் புள்ளி, வாள்களைப் பிடித்திருக்கும் தந்தையின் கையருகே இருக்கிறது. ஓவியத்தின் ஈர்ப்பு எந்தப் பக்கம் என்பதில் ஐயமில்லை. கடமையை அவர் மெச்சுகிறார். அதன் விலையையும் அதே அளவில், அதே சட்டத்துக்குள் எழுதி வைக்கிறார்.

பிரெஞ்சுப் புரட்சிக்கு அறைகூவல் விடுத்த ஓவியம் என்று இதைப் பாடப்புத்தகத்தில் படித்தேன். மன்னர் காசு கொடுத்து வாங்கிய ஓவியம் எப்படி மன்னருக்கு எதிராகும்?
*வாசகர், யாழ்ப்பாணம்*

உங்கள் கேள்வியிலேயே விடையில் பாதி இருக்கிறது. 1785-இல் இந்த ஓவியம் பாரிஸ் சலோன் கண்காட்சியில் வைக்கப்பட்டபோது புரட்சியின் தொடக்கமாகப் பாஸ்தீய் சிறை தகர்க்கப்பட இன்னும் நான்கு ஆண்டுகள் இருந்தன. வரையச் சொன்னது பதினாறாம் லூயியின் அரசு. முடிந்த ஓவியம் போய்ச் சேர்ந்ததும் அரச உடைமையில்தான். கதையில் வரும் ஹொராத்தியரும் குடியரசுக்காகச் சாகவில்லை. மன்னர் ஒருவர் ஆண்ட நகருக்காகவே போரிட்டனர். அரசுக்காகச் சொந்த பந்தத்தைத் துறக்கும் குடிமகன் என்னும் கருத்து எந்த அரசனுக்கும் பிடித்தமானதாகவே இருந்திருக்கும்.

எனினும் பாடப்புத்தகம் அடியோடு தவறு என்றும் சொல்லிவிட முடியாது. டேவிட் அரசுக்கு அடங்கிய கலைக்கழகத்தின் எல்லைகளைப் பல வகையில் மீறினார். குறித்துக் கொடுக்கப்பட்ட அளவு சுமார் பத்து அடிச் சதுரம். அவர் யாரையும் கேட்காமல் அகலத்தைக் கூட்டி, 3.30 மீட்டர் உயரமும் 4.25 மீட்டர் அகலமுமாக வரைந்தார். ரோமானியரை வரைய ரோமுக்கே போக வேண்டும் என்று மனைவியோடும் மாணவர் த்ருவேயோடும் கிளம்பிப்போய், அங்கேயே முடித்து, தம் பணிக்கூடத்திலேயே முதலில் மக்கள் பார்வைக்கு வைத்தார். ரோம் நகரமே திரண்டு வந்து பார்த்தது. பாரிசுக்கு ஓவியம் சலோன் திறந்த பிறகுதான் வந்து சேர்ந்தது. அங்கும் கூட்டம் மொய்த்தது. கலைக்கழகத்தாரில் சிலரோ முகம் சுளித்தனர். உருவங்கள் கோபுரமாகக் குவியாமல் மூன்று கூறாகப் பிரிந்து நிற்கின்றன, வண்ணம் வறண்டிருக்கிறது என்பன அவர்களுடைய குறைகள். இன்று நாம் ஓவியத்தின் வலிமை என்று சொல்வதையெல்லாம்தான் அவர்கள் குறையாகச் சொன்னார்கள்.

புரட்சி வந்த பிறகு பொருள் மாறியது. 1789 ஜூன் 20 அன்று வெர்சாயில் மக்கள் பிரதிநிதிகள் ஒரு பந்தாட்டக் கூடத்தில் கூடி, அரசியலமைப்பு உருவாகும்வரை கலைவதில்லை என்று சூளுரைத்தார்கள். அந்த நிகழ்ச்சியை ஓவியமாக்க முற்பட்ட டேவிட், 1791 சலோனில் காட்சிக்கு வைத்த பெரிய கோட்டோவியத்தில், நூற்றுக்கணக்கானோர் நடுவை நோக்கிக் கை நீட்டும் காட்சியை அமைத்தார். வண்ண ஓவியம் முற்றுப்பெறவேயில்லை. அந்தக் கோட்டோவியத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி 1784-இன் மூன்று கைகளைப் பார்த்தவர்களுக்கு, பழைய ஓவியம் அந்தக் கோட்டோவியத்தின் முன்னறிவிப்பாகத் தோன்றியதில் வியப்பில்லை. டேவிடே தேசிய மாமன்ற உறுப்பினராகி, 1793 ஜனவரியில் அதே மன்னருக்கு மரண தண்டனை விதிக்க வாக்களித்தவர் என்பதும் அந்த எண்ணத்தை உறுதிப்படுத்தியிருக்கும்.

ஆக, புரட்சியை இந்த ஓவியம் அழைத்தது என்பதைவிட, புரட்சி வந்து இந்த ஓவியத்தைத் தனதாக்கிக்கொண்டது என்பதே ஆண்டுக் கணக்குக்கு ஒத்துவரும். ஓர் ஓவியத்தின் பொருளை அது தீட்டப்பட்ட ஆண்டிலிருந்து படிக்க வேண்டும். பின்னால் நடந்தவற்றை அதன் தலையில் ஏற்றக் கூடாது.

மூவரும் கை நீட்டும் விதம் ஹிட்லர், முசோலினி படங்களில் பார்த்ததுபோல் இருக்கிறதே?
*வாசகர், சென்னை*

தொடர்பு உண்டு, ஆனால் நீங்கள் நினைக்கக்கூடிய திசையில் இல்லை. பண்டை ரோமானியர் இவ்விதம் கை நீட்டி வணங்கினர் என்பதற்கு அவர்களுடைய எழுத்திலோ சிற்பத்திலோ உறுதியான சான்று இல்லை. டேவிட் போன்றோரின் ஓவியங்களிலிருந்து நாடக மேடைக்கும், அங்கிருந்து இருபதாம் நூற்றாண்டின் தொடக்க காலத் திரைப்படங்களுக்கும் போன இந்தச் சைகையை, இத்தாலிய பாசிஸ்டுகள் பண்டை ரோமின் வணக்கம் என்று சொல்லி எடுத்துக்கொண்டார்கள். நாஜிகள் அவர்களைப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். டேவிடின் ஓவியத்தில் அது வணக்கமே இல்லை. வாள்களை நோக்கி நீளும் கைகள் அவை. முன்னால் நிற்பவன் மட்டும் வலக்கையை நீட்டுகிறான், மற்ற இருவரும் இடக்கையை நீட்டுகிறார்கள் என்பதைக் கவனித்தால், இது வகுத்த முறைப்படி செய்யும் வணக்கம் இல்லை என்பது தெரிந்துவிடும். சகோதரர்களில் ஒருவனின் கை இன்னொருவனின் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருப்பதையும் பாருங்கள். மூன்று உடல்களும் ஒன்றாகக் கட்டப்பட்டாற்போல் இருப்பதற்கு அதுவே காரணம்.

அக்கால ரோமில் இப்படித் தூண்களும் வளைவுகளும் உள்ள வீடுகள் இருந்தனவா?
*கட்டடப் பொறியாளர், திருச்சி*

இல்லை. கதை நிகழ்வதாகச் சொல்லப்படும் காலத்தில் ரோமின் குடியிருப்புகள் பெரும்பாலும் மரமும் மண்ணும் கூரைப்புல்லும் கொண்டு கட்டிய குடிசைகள். டேவிட் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது பூவேலைப்பாடு எதுவும் இல்லாத கட்டடம். அடிப்பீடம்கூட இல்லாத டோரிக் வகைத் தூண்களும் வெற்றுச் சுவரும், முந்தைய தலைமுறையின் மாளிகை ஓவியங்களில் நிரம்பி வழிந்த சுருள் அலங்காரத்துக்கும் வெளிர் வண்ணங்களுக்கும் நேர் எதிரானவை. நவசெவ்வியல் என்று நாம் வழங்கும் பாணியின் அடையாளமே இந்தச் சிக்கனம்தான். பின்புலத்தை இருட்டாக்கி, உருவங்களைப் புடைப்புச் சிற்பத்தின் வரிசைபோல் முன்தளத்தில் நிறுத்தியிருப்பதால், பார்ப்பவரின் கண் உள்ளே போய் அலைய வழியில்லாமல் அந்தச் சபதத்தின்மேலேயே நிற்கிறது.

பெண்கள் செயல்படுவதாக டேவிட் எதையும் வரையவில்லையா? நேரில் பார்க்க எங்கே போக வேண்டும்?
*வாசகி, சேலம்*

வரைந்திருக்கிறார், 15 ஆண்டுகள் கழித்து. 1794-இல் புரட்சித் தலைவர் ரொபஸ்பியர் வீழ்ந்ததும் அவருடைய ஆதரவாளரான டேவிடும் சிறையிலடைக்கப்பட்டார். அப்போது மனத்தில் கருக்கொண்டு, 1799-இல் முடித்த 'சபைன் பெண்கள்' என்னும் ஓவியமும் ரோமானியப் பழங்கதைதான். ரோமை நிறுவியவனாகச் சொல்லப்படும் ரோமுலஸின் ஆட்கள் கவர்ந்து சென்ற தம் பெண்களை மீட்கச் சபைன் இனத்தவர் படையெடுத்து வரும்போது, இதற்குள் ரோமானியருக்கு மனைவியராகவும் தாயராகவும் ஆகிவிட்ட அந்தப் பெண்களே இரு படைகளுக்கும் நடுவே பாய்ந்து சண்டையை நிறுத்துகிறார்கள். நட்ட நடுவில், ஒரு பக்கம் ஈட்டி ஓங்கிய கணவன் ரோமுலஸ், மறுபக்கம் தந்தை தாசியஸ், இருவருக்கும் இடையே கைகளை அகல விரித்து நிற்கிறாள் ஹெர்சிலியா. அவள் காலடியில் கைக்குழந்தைகள். குருதி சிந்திக் களைத்துப்போன பிரெஞ்சு நாட்டுக்குச் சமரசம் சொல்லும் ஓவியமாகவே அன்றைக்கு அதைப் பார்த்தார்கள். பார்வைக்கு நுழைவுக் கட்டணம் வாங்கினார் என்பதற்காகவும், வீரர்களை ஆடையின்றி வரைந்தார் என்பதற்காகவும் டேவிட் கண்டனத்துக்கு உள்ளானார் என்பது தனிக் கதை.

இரண்டு ஓவியங்களும் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் உள்ளன. 'ஹொராத்தியரின் சபத'த்துக்கு 1786-இல் செய்யப்பட்ட சிறிய அளவுப் படி ஒன்று அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டொலீடோ கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. லூவருக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், முதலில் பத்தடி தள்ளி நின்று மூன்று வளைவுகளையும் ஒருசேரப் பாருங்கள். பிறகு வலப்பக்கமாக நடந்துபோய் அந்தப் பையனைத் தேடுங்கள்.